முதலில் பேச்சு புரியட்டும்: புது டிவிக்கு சவுண்ட்பார் வாங்கும் ஆலத்தியூர்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆலத்தியூர்ச் சொந்தங்களுக்கு,



தீபாவளி போனஸ், எடுத்த சீட்டுப் பணம், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பியது என்று ஏதோ ஒரு வழியில் பணம் கைக்கு வந்து, உங்களில் பலர் வீட்டுச் சுவரில் புது டிவி ஏறிவிட்டது. இன்னும் சிலர் கடை கடையாக விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள். 43 அங்குலம், 55 அங்குலம் என்று படம் பெரிதாகிவிட்டது. ஆனால் டிவி மாட்டிய ஒரு வாரத்துக்குள் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே புகார்தான் வருகிறது: "படம் கண்ணாடி மாதிரி இருக்குங்க, பேசுறதுதான் புரியல." அடுத்ததாக, சவுண்ட்பார் வாங்குவதா, ஐந்து பெட்டி ஹோம் தியேட்டர் வாங்குவதா என்ற கேள்வி வருகிறது.

நான் செந்துறைப் பக்கம் டிவியும் ஆம்ப்ளிபயரும் பழுது பார்க்கிறவன். இந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் ஒன்றே ஒன்றுதான். உங்கள் வீட்டில் யாருக்குக் காது கொஞ்சம் மந்தமோ, அவருக்குப் பேச்சு தெளிவாகப் புரிகிற பொருளை வாங்குங்கள். அதிர்வும் சுற்றொலியும் தலைக்கு மேல் ஹெலிகாப்டர் பறப்பதும் அதற்குப் பிறகு வரட்டும். எந்த ஊருக்கும் பொருந்தும் அறிவுரை இது. ஆலத்தியூருக்கு ஏன் இரண்டு மடங்கு பொருந்தும் என்று சொல்லத்தான் இந்த மடல்.

1997-ல் மெட்ராஸ் சிமென்ட்ஸ், அதாவது இன்றைய ராம்கோ, இங்கே ஆலையைத் தொடங்கியதிலிருந்து நம் ஊர் சிமென்ட் ஊர். அரியலூர் மாவட்டமே சுண்ணாம்புக்கல்லை நம்பி வாழ்கிறது. ஆலை, சுரங்கம், லாரி, பேக்கிங், ஒப்பந்த வேலை என்று ஏதோ ஒரு கண்ணியில் நம் வீடுகள் அதோடு பிணைந்திருக்கின்றன. கல் உடைக்கும் கிரஷரும், இரும்புக் குண்டுகள் உருளும் அரவை ஆலையும், பெரிய காற்றாடிகளும், கம்ப்ரசர்களும் உலகின் எந்த மூலையில் ஓடினாலும் பேரிரைச்சலோடுதான் ஓடும். அது அந்த இயந்திரங்களின் இயல்பு. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல்லுக்கு மேல் காதில் விழக் கூடாது என்பது நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் வகுத்த எல்லை. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே தொழில்சார் நோயாகக் குறிக்கப்பட்டது. நீண்ட காலம் இரைச்சலில் வேலை செய்கிறவர்களின் காது தேயும் என்பதை சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

அந்தத் தேய்மானம் எப்படித் தொடங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எந்த ஸ்பீக்கர் வாங்குவது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். இரைச்சல் காதின் எல்லாப் பகுதியையும் ஒரே அளவில் கெடுப்பதில்லை. 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான மேல்சுருதிதான் முதலில் அடிபடுகிறது. பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அருகில் ஒரு பள்ளம் விழுகிறது. தாழ்ந்த சுருதிகள் நெடுநாள் நன்றாகவே கேட்கும். வயதால் வரும் செவிட்டுத்தன்மையும் மேல்சுருதியிலிருந்துதான் கீழே இறங்குகிறது. பேச்சில் உயிரெழுத்துகள் தாழ்ந்த சுருதியில் உரக்க ஒலிக்கின்றன. க, ச, த, ப, ஸ, ஷ போன்ற ஒலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுட்பம் மேல்சுருதியில் இருக்கிறது. அதனால் 'ஆலா' என்ற ஓசை காதில் விழும். பாலா, காலா, சாலா என்று பிடிபடாது. "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னு தெரியல" என்று அப்பா சொல்வது பிடிவாதம் இல்லை. அவர் காதில் நடப்பதை அவர் துல்லியமாகச் சொல்கிறார்.

இப்போது அவருக்காக என்று நினைத்து பேஸ் அதிரும் ஒரு ஹோம் தியேட்டர் வாங்கினால் என்ன ஆகும்? அவருக்கு ஏற்கெனவே நன்றாகக் கேட்கிற தாழ்சுருதி இன்னும் பெருகும். அது பேச்சின் மெல்லிய பகுதியை மூடிவிடும். வால்யூமை ஏற்றச் சொல்வார். ஏற்றினால் பின்னணி இசையும் சேர்ந்து ஏறும். பேரப்பிள்ளைகள் காதைப் பொத்துவார்கள். வீட்டில் சண்டை வரும். காரணம், பணம் போன இடம் தப்பான இடம்.

இரண்டாவது காரணம் நம் வீட்டுச் சுவர். ஊரெங்கும் சிமென்ட் விளைகிற இடத்தில் ஓட்டு வீடுகள் போய்த் தளம் போட்ட வீடுகள் வந்துவிட்டன. சிமென்ட் பூசிய நான்கு சுவர், கான்கிரீட் கூரை, வழவழவென்று டைல்ஸ் அல்லது கிரானைட் தரை. பெருக்கத் துடைக்க இதைவிடச் சௌகரியம் கிடையாது. ஒலிக்கு மட்டும் இது கடினமான இடம். ஒலி இந்தப் பரப்புகளில் பட்டு ஏறக்குறைய முழுதாகத் திரும்பி வருகிறது.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895 வாக்கில் ஒரு விரிவுரை அரங்கில் பேச்சு புரியவில்லை என்று புகார் வந்தபோது, வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர் இருக்கை மெத்தைகளைக் கொண்டுபோய் அந்த அரங்கில் போட்டு, ஒலி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று அளந்து ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார். அந்தக் கணக்கை நம் ஹாலுக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஹாலின் கன அளவு 1,800 கன அடி. தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்ந்த பரப்பு 900 சதுர அடி. சிமென்ட்டும் டைல்ஸும் தங்கள்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கை மட்டும் உறிஞ்சுவதாக வைத்துக்கொண்டால், வெறும் ஹாலில் ஒரு சத்தம் முழுதாக அடங்க மூன்று நொடிக்கு மேல் ஆகும். நடிகர் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவார். முந்தைய வாக்கியம் இன்னும் சுவரில் மோதிக்கொண்டிருக்கும். அதே ஹாலில் இரண்டு சன்னலுக்கும் மடிப்பு விழுகிற கனத்த திரைச்சீலை, தரையில் ஒரு பவானி ஜமக்காளம், பஞ்சு வைத்த சோபா, நான்கு பேர் உட்கார்ந்திருப்பது, இவ்வளவும் சேர்ந்தால் அந்த நேரம் ஒரு நொடிக்கும் கீழே வந்துவிடும். பேச்சு புரிய அதுதான் வேண்டும்.

ஆகவே என் முதல் வேண்டுகோள்: சவுண்ட்பார் வாங்கக் கிளம்பும் முன் ஹாலைப் பாருங்கள். கைதட்டினால் 'கணீர்' என்று நீண்டால், திரைச்சீலைக்கும் விரிப்புக்கும் முதலில் கொஞ்சம் ஒதுக்குங்கள். டிவிக்கு எதிர்ச்சுவர் வெறுமையாக இருந்தால் அங்கே புத்தக அலமாரியோ துணித்தொங்கலோ வையுங்கள். மின்விசிறியை ஐந்தில் ஓடவிட்டுக்கொண்டு மெல்லிய வசனம் கேட்கவில்லை என்று வருந்துகிற வீடுகளையும் பார்த்திருக்கிறேன்; அதை மூன்றில் வைத்தாலே பாதி தீரும். செலவே இல்லாத இன்னொன்று: டிவியின் ஒலி அமைப்பில் 'தெளிவான குரல்', 'டயலாக்', 'நியூஸ்' என்ற பெயர்களில் ஒரு வசதி பல டிவிகளில் இருக்கிறது. அதைப் போட்டுப் பார்த்த பிறகு கடைக்குப் போங்கள்.

புது டிவியில் சத்தம் ஏன் மோசமாக இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். 2006-ல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் நம் வீடுகளுக்கு வந்த 14 அங்குலப் பெட்டி ஞாபகம் இருக்கும். பிக்சர் டியூப் வைத்த பெட்டி என்பதால் அதற்கு நல்ல ஆழம் இருந்தது. ஸ்பீக்கருக்குப் பின்னால் காற்றுக்கு இடம் இருந்தது. இன்றைய டிவி விரல் கனத்துக்கு மெலிந்துவிட்டது. முன்பக்கம் முழுக்கப் படம்தான். ஸ்பீக்கரைக் கீழ்நோக்கியோ சுவரைப் பார்த்தோ திருப்பி வைக்க வேண்டியதாயிற்று. உங்கள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய குரல் சுவரில் பட்டுக் கலங்கி வருகிறது. ஆகவே தனி ஸ்பீக்கர் வாங்குவது ஆடம்பரம் இல்லை, தேவைதான். எதை வாங்குவது என்பதில்தான் நிதானம் வேண்டும்.

கடையில் 2.1, 3.1, 5.1, 5.1.2 என்று எண்கள் சொல்வார்கள். முதல் எண், உங்கள் காது மட்டத்தில் எத்தனை தடங்களில் ஒலி வருகிறது என்பது. நடுவில் உள்ள 1, பேஸ் கொடுக்கும் சப்வூஃபர். மூன்றாவது எண், மேலிருந்து வருவதுபோல ஒலி தரும் ஸ்பீக்கர்கள். இதில் நம் காரியத்துக்கு முக்கியமானது இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள வேறுபாடு. 2.1-ல் இடதும் வலதும் மட்டும் உண்டு. 3.1-ல் நடுவே ஒரு தனி ஸ்பீக்கர், சென்டர், சேர்கிறது. சினிமாத் தியேட்டரில் திரைக்குப் பின்னால் நடுவில் ஒரு ஸ்பீக்கர் இருக்கும். திரையில் உள்ள நுண்துளைகள் வழியே குரல் வரும். 5.1-ல் ஒலி சேர்க்கப்பட்ட படங்களில் வசனத்தில் பெரும்பகுதி அந்த நடுத்தடத்தில்தான் பதிவாகிறது. இரண்டு ஸ்பீக்கர் மட்டும் உள்ள டிவி அந்த வசனத்தை இசையோடு கலந்து இரண்டு பக்கமும் பங்கிட்டுவிடுகிறது. பிறகு பிரிக்க வழியில்லை. சென்டர் தனியாக இருந்தால் வசனத்தை மட்டும் உயர்த்தி, இசையை இருந்த இடத்திலேயே விடலாம். கேபிளில் வரும் சீரியலும் செய்தியும் பெரும்பாலும் இரண்டு தட ஸ்டீரியோதான். அதிலும் இரண்டு பக்கமும் பொதுவாக உள்ள குரலை எடுத்து நடுவில் கொடுக்கும் வசதி பல 3.1 பார்களில் உண்டு.

ஆகவே ஒரு சராசரிக் குடும்பத்துக்கு என் பரிந்துரை: உண்மையான சென்டர் ஸ்பீக்கரும், அதன் அளவைத் தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதியும் உள்ள 3.1 சவுண்ட்பார். பெட்டியில் 'சரவுண்ட்' என்று பெரிதாக எழுதியிருந்தாலும் உள்ளே சென்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டால் கடைக்காரர் விவரக் குறிப்பைக் காட்ட வேண்டும்.

ஐந்து பெட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தமிழ் சினிமாவின் ஒலி அபாரமாக வளர்ந்திருக்கிறது. 1995-ல் குருதிப்புனல் டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். ஒலியோடு வந்தது. 2012 டிசம்பரில் சிவாஜி படத்தின் முப்பரிமாண வடிவம் டால்பி அட்மாஸ் ஒலியோடு வெளியானது. மழை தலைக்கு மேல் பெய்வதையும், கூட்டத்தின் ஆரவாரம் முதுகுக்குப் பின்னால் எழுவதையும் வீட்டில் கேட்பது பெரிய இன்பம். அந்த இன்பத்துக்கு உங்கள் பிள்ளைகள் ஆசைப்படுவது நியாயம். ஆனால் அது கிடைக்க வீடு இடம் கொடுக்க வேண்டும்.

பின் ஸ்பீக்கர்கள் உட்காருகிறவரின் பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி இருக்க வேண்டும். நேர்முன்னைப் பூச்சியமாகக் கொண்டால் இருபுறமும் 110 டிகிரி அளவில். நம் ஹால்களில் சோபா பின்சுவரை ஒட்டியே கிடக்கும். ஒருபுறம் சமையலறை வாசல், மறுபுறம் சாமி அலமாரி. ஒரு ஸ்பீக்கருக்கு இடம் கிடைக்கும், இன்னொன்றுக்குக் கிடைக்காது. 'வயர்லெஸ்' என்று சொல்லி விற்கும் பின் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவற்றுக்குக் கரன்ட் ஒயர் தேவை. பின்சுவரில் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். வைக்க இடமில்லாமல் இரண்டையும் டிவிக்குப் பக்கத்திலேயே அடுக்கிவைத்த வீடுகள் உண்டு. அப்படி வைத்தால் 5.1-க்குக் கொடுத்த காசு வீண்.

அட்மாஸ் விஷயத்தில் மட்டும் நம் சிமென்ட் நமக்கு உதவுகிறது. மேல்நோக்கிப் பாடும் ஸ்பீக்கர்கள் ஒலியைக் கூரையில் அடித்துக் கீழே இறக்குகின்றன. அதற்குச் சமதளமான, கடினமான, 8 முதல் 12 அடி உயரமுள்ள கூரை வேண்டும். பத்தடி கான்கிரீட் தளம் அதற்கு வாகானது. ஓட்டு வீட்டுச் சாய்கூரையிலும் ஷீட் போட்ட மாடியிலும் அந்த ஒலி வேறெங்கோ சிதறிவிடும்; அங்கே அட்மாஸுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். இன்னொன்றும் உண்டு: நீங்கள் பார்க்கிற ஓடிடி திட்டத்தில் அட்மாஸ் இருக்க வேண்டும், அந்தப் படம் அப்படிப் பதிவாகியிருக்க வேண்டும், டிவியும் அதை வெளியே கடத்த வேண்டும். எம்.ஜி.ஆர்., சிவாஜி கணேசன் காலத்துப் படங்கள் பெரும்பாலும் ஒற்றைத் தட ஒலியில் எடுக்கப்பட்டவை. உங்கள் வீட்டில் ஓடுவதில் பெரும்பகுதி பழைய படமும் சீரியலும் என்றால், மேலே பாடும் ஸ்பீக்கருக்கு வேலையே இருக்காது.

வாட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியில் ஆயிரக்கணக்கில் பிஎம்பிஓ போட்டிருக்கும். அந்த எண்ணுக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது. அதைக் கண்டுகொள்ளவே வேண்டாம். ஆர்எம்எஸ் வாட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். அதிலும் 100 வாட்ஸுக்கும் 200 வாட்ஸுக்கும் உள்ள வேறுபாடு வெறும் 3 டெசிபெல்தான். காதுக்கு இரண்டு மடங்கு உரக்கத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். நம் ஹாலுக்கு நல்ல ஸ்பீக்கரில் 100 வாட்ஸே ஏராளம்.

இணைப்பு சரியில்லாமல் நல்ல சவுண்ட்பாரைக் குறைசொல்வதும் அடிக்கடி நடக்கிறது. டிவியின் பின்னால் உள்ள எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றின் அருகே ஆர்க் அல்லது இஆர்க் என்று எழுதியிருக்கும். சவுண்ட்பார் ஒயர் அந்தத் துளையில்தான் போக வேண்டும். செட்டாப் பாக்ஸ் வேறு துளையில். ஆர்க் 2009-ல் வந்த வசதி. ஓடிடியில் வரும் அட்மாஸுக்கு அதுவே போதும். 2017-ல் அறிவிக்கப்பட்ட இஆர்க், புளூரே போன்றவற்றின் தரம் குறையாத ஒலியையும் கடத்தும். ஆப்டிகல் ஒயரில் 5.1 வரை போகும், அட்மாஸ் போகாது. புளூடூத்தை டிவிக்குப் பயன்படுத்த வேண்டாம். உதடு ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமுமாக வரும், காது மந்தமானவர்கள் உதட்டைப் பார்த்துத்தான் பாதி புரிந்துகொள்கிறார்கள். டிவியின் அமைப்பில் டிஜிட்டல் ஒலி வெளியீடு 'பிசிஎம்' என்று இருந்தால் பெரும்பாலும் எல்லாம் இரண்டு தடமாகச் சுருங்கிவிடும். 'ஆட்டோ' அல்லது 'பாஸ்த்ரூ' என்று மாற்றுங்கள். எச்டிஎம்ஐ வழியே இணைத்து சிஇசி வசதியைப் போட்டுவிட்டால் டிவி ரிமோட்டிலேயே வால்யூம் கூடும் குறையும். பெரியவர்கள் இரண்டு ரிமோட்டோடு திண்டாட வேண்டாம்.

வைக்கும் இடமும் முக்கியம். டிவியை ஆள் உயரத்துக்கு மேல் மாட்டி, சவுண்ட்பாரை அதற்கும் மேலே ஷோகேஸ் பொந்துக்குள் வைக்காதீர்கள். தரையில் பாய் போட்டு உட்காருகிறவருக்கும் சோபாவில் உட்காருகிறவருக்கும் முகத்துக்கு நேரே, டிவிக்குக் கீழே, விளிம்பை ஒட்டி முன்னால் வையுங்கள். சப்வூஃபரை மூலையில் திணித்தால் பேஸ் ஊதிப் பெருகும். மூலையிலிருந்து ஓரிரு அடி நகர்த்திப் பாருங்கள்.

நம் ஊரில் ஒரு வீட்டில் டிவி ஓடும் நேரம், அடுத்த வீட்டில் நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் தூங்கும் நேரம். 40 ஹெர்ட்ஸ் பேஸின் அலைநீளம் எட்டரை மீட்டர். சுவர் அதைத் தடுக்காது. படங்கள் தியேட்டருக்காகக் கலக்கப்படுவதால் கிசுகிசுப்புக்கும் குண்டுவெடிப்புக்கும் பெரிய இடைவெளி இருக்கும். 'நைட் மோடு' அந்த இடைவெளியைச் சுருக்கி, வசனத்தைத் தூக்கி, வெடியை அடக்கும். வாங்கும் பாரில் அது இருக்கட்டும். சப்வூஃபரைத் தனியாகக் குறைக்கும் வசதியும் இருக்கட்டும். 2000-ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபெல் என்று எல்லை வைத்திருக்கின்றன. விதி இருப்பதால் மட்டும் அல்ல, உழைத்துவிட்டு வந்து தூங்குகிறவர் நம்மில் ஒருவர் என்பதால் அதை மதிப்போம்.

பிள்ளைகளின் காதையும் நினைவில் வையுங்கள். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல், குழந்தைகளுக்கு 75 டெசிபெல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது: 83-ல் 20 மணி, 86-ல் 10 மணி. ஆலையில் ஒரு தலைமுறை இழந்த காதை, ஹாலில் அடுத்த தலைமுறை இழக்க வேண்டாம்.

எவ்வளவு பணம் போடலாம்? 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. வரிக்கு முன் 40,000 ரூபாய் விலையுள்ள டிவி 51,200-லிருந்து 47,200 ஆகிறது. 4,000 ரூபாய் மிச்சம். அந்த மிச்சத்தை இன்னும் பெரிய திரைக்குப் போடாமல் ஒலிக்குப் போடுங்கள். டிவி விலையில் கால் பங்கு ஒலிக்கு என்பது ஒரு நல்ல கணக்கு. 55 அங்குலத்துக்குப் பதில் 50 வாங்கி, மீதியில் சென்டர் உள்ள பார் வாங்குகிற வீடு வருத்தப்படாது.

வீட்டில் பழைய ஆம்ப்ளிபயரும் இரண்டு நல்ல ஸ்பீக்கர் பெட்டியும் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். டிவியின் ஆப்டிகல் வெளியீட்டிலிருந்து அனலாக்காக மாற்றித் தரும் சிறு கன்வெர்ட்டர் ஒன்று போதும்; டிவியை பிசிஎம்மில் வைத்தால் அது பாடும். மலிவான சவுண்ட்பாரை அது பல நேரம் தோற்கடித்துவிடும். பழுது என்று பார்த்தால், ஆம்ப்ளிபயரைத் திறந்து சரிசெய்யலாம், ஸ்பீக்கருக்குக் கோன் மாற்றலாம். சவுண்ட்பாரில் உள்ளே எல்லாம் ஒரே போர்டு; அந்த போர்டு கிடைக்காவிட்டால் முழுப் பொருளும் குப்பை. ஆகவே சவுண்ட்பார் வாங்கும்போது அரியலூரிலோ பெரம்பலூரிலோ திருச்சியிலோ சர்வீஸ் சென்டர் இருக்கும் கம்பெனியாகப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் பிளக்கை மட்டும் அல்ல, கேபிள் ஒயரையும் கழற்றிவையுங்கள். மின்னல் அந்த ஒயர் வழியே வந்து செட்டாப் பாக்ஸ், டிவி, சவுண்ட்பார் மூன்றின் எச்டிஎம்ஐ துளைகளையும் ஒரே அடியில் எரித்துவிடும்.

புதுவீடு கட்டுகிறவர்களுக்கு: ஒயரிங் போடும்போதே டிவி சுவரிலிருந்து பின்சுவருக்கு ஒரு வெற்று பிவிசி பைப்பைப் பதித்துவிடுங்கள். சோபாவின் இருபுறமும் ஒரு பிளக் பாயின்ட் வையுங்கள். இன்று 3.1 போதும் என்று வாங்கினாலும், நாளை பின் ஸ்பீக்கர் சேர்க்கச் சுவரைக் கொத்த வேண்டியிருக்காது.

எந்தப் பொருளும் கெட்ட காதைத் திருப்பித் தராது என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பேசினாலே அப்பாவுக்குப் புரியவில்லை என்றால், சவுண்ட்பாருக்கு முன் ஆடியோகிராம் எடுங்கள். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகலாம். இன்று வேலைக்குப் போகிற தம்பிகள், காதடைப்பானைக் கழுத்தில் தொங்கவிடாமல் காதில் போடுங்கள். தொழிற்சங்கத்தில் இருக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆண்டுதோறும் நடக்கும் உடல் பரிசோதனையில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் செவிப் பரிசோதனை நடக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். இன்றைக்குப் பிடிபடும் பள்ளத்தை ஆழமாகாமல் நிறுத்தலாம்.

கடைசியாகக் கடைக்குப் போகும் முறை. சண்டைக்காட்சியும் குத்துப்பாட்டும் போட்டுக் காட்டுவார்கள்; அவை எந்தப் பெட்டியிலும் நன்றாகத்தான் இருக்கும். செய்தி போடச் சொல்லுங்கள். ஒரு பட்டிமன்றம் போடச் சொல்லுங்கள். இசை ஓடும்போது இரண்டு பேர் மெதுவாகப் பேசும் ஒரு காட்சியைப் போடச் சொல்லுங்கள். வீட்டில் நீங்கள் வைக்கும் வால்யூமுக்கு இறக்கச் சொல்லுங்கள். அப்பாவையோ அம்மாவையோ கூட்டிப்போய் முன்னால் உட்காரவைத்து, இப்போது என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லும் பெட்டியை வாங்குங்கள். அவரை விட்டுவிட்டுப் போய் வாங்கிவராதீர்கள். இந்த ஹாலும் சுவரும் அவர் இரைச்சலில் நின்று சம்பாதித்தவை. அதில் ஓடும் டிவியில் என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் முதல் உரிமை அவருக்குத்தான்.

அன்புடன்,
உங்கள் பக்கத்து ஊர் டிவி மெக்கானிக்